கறளுக்குக் கீழே கிடக்கும் காசு

பழைய இரும்பு வியாபாரம் என்றால் நம்மவர்களில் பலருக்குத் தராசுதான் ஞாபகம் வரும். கிலோ என்ன விலைக்கு எடுக்கலாம், கொழும்புக்கு லொறியில் ஏற்றினால் கூலி போக என்ன மிஞ்சும் என்பதோடு கணக்கு முடிந்துவிடும். நானும் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தேன். வாப்பா யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவர். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் சோனகதெருவை விட்டு வெளியேறியவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அதன் பிறகு இருபது வருடம் புத்தளத்தில். யுத்தம் முடிந்து திரும்பி வந்து அதே தொழிலை மீண்டும் சிறிய அளவில் ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது ஒரு தராசும் ஒரு வாடகை லேண்ட்மாஸ்டரும்தான்.

தராசுக்கு வெளியேயும் இந்தத் தொழிலில் காசு இருக்கிறது என்பதை எனக்குக் கற்றுத் தந்தது, புங்குடுதீவில் ஒரு பூட்டிய வீட்டுக்குள் கிடந்த ட்ரம் செற்.

ட்ரம்முக்கும் நம் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று சில வாசகர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். அதை அடிப்பது பற்றி எழுத நான் வரவில்லை. எனக்கு அடிக்கவும் தெரியாது. அதில் பூட்டியிருந்த இரும்பைப் பற்றியும், இரும்பின் மேலிருந்த குரோமியத்தைப் பற்றியுமே எழுதுகிறேன். பழைய மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஹேண்டில், தையல் மெசின் சில்லு, ஒஸ்டின் கார் பம்பர் என்று எதை வைத்திருப்பவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று போனால், கடலுக்கு நடுவே நீண்டு கிடக்கும் வாணர் பாலம் வரும். அதற்கு அப்பால் புங்குடுதீவு. தீவின் மறுகரையில் உள்ள குறிகட்டுவான் துறையில்தான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறுவார்கள். புங்குடுதீவார் நம்மைப் போலவே வியாபாரிகள். கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை வைத்து முன்னேறியவர்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் அந்தக் கடைகளைப் பறிகொடுத்துத் திரும்பத் திரும்ப எழுந்தவர்கள். 1991இல் யுத்தம் தீவுக்குள் வந்தபோது ஊரையே விட்டுப் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். இன்று அவர்களில் பலர் சுவிஸ், பிரான்ஸ், கனடா என்று சிதறி வாழ்கிறார்கள். பெரிய கல்வீடுகள் கூரை விழுந்து, சுவரில் ஆலமரம் முளைத்து நிற்பதை அங்கே வீதிக்கு வீதி பார்க்கலாம்.

2016 ஓகஸ்ட் மாதம், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், சுவிஸிலிருந்து வந்திருந்த ஒருவர் தன் தகப்பனாரின் வீட்டைத் துப்புரவாக்கி, பழைய சாமான்களை எடுத்துப் போக ஆள் கேட்டிருந்தார். போனேன். கதவு நிலைகளும் தண்ணீர்ப் பம்பியின் உடைந்த துண்டுகளும் ஒரு மூலையில். உள்ளறையில், ஓட்டை விழுந்த தார்ப்பாயின் கீழே, நான்கு ட்ரம்களும் அவற்றின் ஸ்டாண்ட்களும் கிடந்தன. எல்லாமே ஒரே நிறம்: செங்கட்டிக் கறள்.

"நானா, இதையும் கிலோவிலை போட்டு எடுங்கோ. என்ரை அண்ணை அடிச்சது. எழுபதுகளிலை கோஷ்டியிலை இருந்தவர். இப்ப ஆளும் இல்லை, அடிக்கவும் ஒருத்தரும் இல்லை."

அந்தக் காலம் இளைய வாசகர்களுக்குத் தெரியாது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் போன்றவர்களின் தமிழ் பொப் பாடல்கள் நாடு முழுவதும் ஒலித்த நாட்கள் அவை. யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழா மேடைகளில் விடிய விடிய மெல்லிசைக் கோஷ்டிகள். அப்படியொரு மேடையில் நின்ற சாமான் இது.

என்னோடு வந்த பையன் தராசைத் தூக்கி வந்துவிட்டான். நான் ஒரு ட்ரம்மைப் புரட்டினேன். பக்கவாட்டில் சின்னத் தகடு ஒன்று. எச்சில் தொட்டுத் துடைத்தேன். 'பிரீமியர்' என்று இருந்தது. பெயரைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எச்சில் பட்ட விரல் பக்கத்து றிம்மிலும் பட்டிருந்தது. பட்ட இடத்தில் கறள் வழிந்து, அடியில் ஒரு வெள்ளைக் கோடு கண்ணாடி போல் மினுங்கியது.

"அண்ணை, இது தராசிலை போடுற சாமான் இல்லைப் போலக் கிடக்கு. ஒரு கிழமை தாங்கோ, விசாரிச்சுச் சொல்லுறன்" என்றேன். அன்று அதை இரும்பு விலைக்கு எடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும்தான் தெரிந்திருக்காது.

விசாரித்ததில் தெரிந்தது இது. பிரீமியர் 1922இல் லண்டனில் தொடங்கிய கம்பனி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லெஸ்டர் நகருக்குப் போனது. அதன் குரோமியப் பூச்சு கனமானது, நீண்ட காலம் நிற்பது என்று அந்தத் துறையில் பெயர். பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாரும் 1963இல் அமெரிக்க லுட்விக் வாங்கும் வரை பிரீமியர்தான் அடித்தார். அந்த லுட்விக் செற் 2015இல் அமெரிக்காவில் 20 லட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. அதைக் கேட்டு எந்த வாசகரும் வீட்டுப் பரணைக் கிளற வேண்டாம். அது ரிங்கோவுக்குக் கிடைத்த விலை, ட்ரம்முக்குக் கிடைத்த விலை அல்ல. நம் கைக்கு வரும் பழைய செற்றின் விலை அதன் உதிரிப்பாகங்கள் அசலாகவும் முழுமையாகவும் இருப்பதில் தங்கியிருக்கிறது. அதிலும் இந்தக் கம்பனி 1960களின் கடைசி வரை தனக்கென்று தனி அளவுகள் வைத்திருந்தது. இன்றைய றிம் அதற்குச் சரிவராது, இன்றைய திருகாணியின் புரி அதில் ஏறாது. ஒன்று போனால் போனதுதான்.

இதையெல்லாம் சொன்னதும் அவர் விற்கவில்லை என்றார். தன் அண்ணனின் மகன் சூரிச்சில் இருக்கிறானாம். அவனுக்குக் கொண்டுபோக வேண்டும், கறளை எடுத்துத் தா என்றார். இரும்பு வாங்கப் போனவன் கூலிக்கு வேலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். எனக்கு அது முதல் தடவை. அவர் அடுத்த ஓகஸ்ட் வரும்போது முடித்துக் கொடுப்பதாகப் பேச்சு.

கறள் எங்கிருந்து வருகிறது?

வேலையைத் தொடங்குமுன் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். குரோமியம் கறள் பிடிப்பதில்லை. அப்படியென்றால் குரோமியம் பூசிய சாமானில் கறள் எப்படி? 1920களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கொலின் ஃபிங்க் என்பவரும் அவரது குழுவினரும் குரோமிய முலாமைத் தொழிற்சாலை வேலைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ட்ரம்முக்கும் சைக்கிளுக்கும் பூசப்பட்டது நிக்கல்தான். இன்றும் உண்மையான காவல்காரன் நிக்கலே. இரும்பின் மேல் நிக்கல் 10 முதல் 30 மைக்ரோன் வரை இருக்கும். அதன் மேல் குரோமியம் அரை மைக்ரோன் கூட வராது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். நம் தலைமுடியே 50க்கு மேல். குரோமியம் அழகுக்கும் கீறல் விழாமைக்கும் மட்டுமே.

அந்த மெல்லிய தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. நிக்கலிலும் ஊசித் துளைகள் இருக்கும். தீவின் காற்றில் உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அந்தத் துளை வழியாக இரும்பைத் தொடுகிறது. உள்ளே பிறந்த கறள் துளை வழியாக வெளியே கசிந்து, குரோமியத்தின் மேல் படர்ந்து கிடக்கிறது. ஆகவே பார்வைக்கு முழுதும் செத்த சாமான் போல் இருந்தாலும், பல இடங்களில் கறளுக்கு அடியில் குரோமியம் அப்படியே உயிரோடு இருக்கும். என் எச்சில் விரலில் கண்டது அதைத்தான். பழைய சாமான் எடுக்கும் சகோதரர்கள் இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்தால், கிலோவுக்குப் போகவிருந்த எத்தனையோ பொருட்கள் தப்பும்.

அடுத்து, கையில் ஒரு காந்தம் வேண்டும். காந்தம் பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு. கறள் சிவப்பாக இருக்கும். ஒட்டாவிட்டால் பித்தளை அல்லது நாக வார்ப்பு. பித்தளையில் பச்சை பிடிக்கும். நாக வார்ப்பில் வெள்ளைத் தூள் வந்து, தோல் கொப்பளிக்கும். ட்ரம்மின் பக்கத்தில் பூட்டியிருக்கும் லக் என்னும் குமிழ்கள் பெரும்பாலும் நாக வார்ப்புத்தான். இவற்றைப் புளிப்பான எதிலும் ஊறப் போடக்கூடாது. வினாகிரியில் ஊறப் போட்டால் அமிலம் நாகத்தை அரித்துவிடும். சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும்.

செய்த வேலை

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். திருகாணிகள் மட்டும் அறுபதுக்கு மேல். எந்த ட்ரம்மின் திருகாணி எது என்று தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதினேன். இறுகிப் போனவற்றுக்கு மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து விட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். அவசரப்பட்டுத் திருப்பினால் தலை முறிந்துவிடும். பிறகு அந்த அளவுக்கு எங்கே போவது? லக்குக்குள் சிறிய சுருள் வில் ஒன்றும், அது அதிராமல் இருக்க வைத்த கம்பளித் துண்டும் இருந்தன. அந்தத் துண்டுதான் கள்ளன். இருபத்தைந்து வருடத்து உப்பு ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது.

றிம்முக்கு வேலை செய்தது சமையலறையில் உள்ள அலுமினியத் தாள். வாப்பா சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளால் சைக்கிள் ஹேண்டிலைத் தேய்த்ததை நான் பார்த்திருக்கிறேன்; அன்று காரணம் தெரியவில்லை. அலுமினியம் குரோமியத்தை விட மிகவும் மிருதுவானது. ஆகவே கீறாது. தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கும்போது அலுமினியம் தான் கரைந்து கறளை இளக்குகிறது. கறுப்பாக ஒரு சேறு வரும். அந்தச் சேறே மெருகேற்றும் பசை போல் வேலை செய்கிறது. சேற்றைத் துடைத்தால் அடியில் கண்ணாடி. பெலத்தைப் போட வேண்டியதில்லை. பாத்திரம் தேய்க்கும் முரட்டு இரும்புக் கம்பளியைப் போட்டால் பூச்சு போன இடங்களில் நிக்கல் கீறுப்படும். அதன் தூள் தங்கி மறுபடியும் கறளாகும். ஒரு றிம்முக்கு எனக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. குழி விழுந்த இடங்களில் கறுப்புப் புள்ளிகள் நின்றன. அவை போகாது. போகாது என்பதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

திருகாணிகளுக்குச் சிற்றிக் அமிலத் தூள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் அளவில். ஊறப் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். கறள் போனதும் அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும். எடுத்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் பூச வேண்டும்.

இங்கேதான் முதல் அடி வாங்கினேன். முதல் தொகுதியை அந்தப் புங்குடுதீவு வீட்டு முற்றத்திலேயே செய்தேன். கழுவியது வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில். மாலையில் வெள்ளி போல் இருந்த திருகாணிகள் காலையில் மஞ்சள் பூத்துக் கிடந்தன. தீவின் கிணறுகள் பல உவர். குடிதண்ணீருக்கே அங்கே சனம் படும் பாடு ஊரறிந்தது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன்! பிறகு எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து, தாங்கியில் பிடித்த மழைத் தண்ணீரில் கழுவி முடித்தேன்.

கக்கூஸ் கழுவும் அசிட்டைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும் என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கறளோடு சேர்த்துக் குரோமியத்தையும் கரைக்கும். மூடியைத் திறந்து வைத்தால் அதன் புகையே கடையில் உள்ள மற்ற இரும்பெல்லாம் கறளாகக் காரணமாகும். கிட்டவே எடுக்க வேண்டாம்.

இரண்டு றிம்

மொத்தம் ஆறு இரும்பு றிம். பெரிய ட்ரம்முக்கு மர வளையம் என்பதால் அது கணக்கில் இல்லை. ஆறில் இரண்டு மிக மோசம். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகிவிட்டன. 'புதுசு மாதிரிக் கொடுத்தால் கூலி கூட்டிக் கேட்கலாம்' என்ற ஆசை எனக்கு. கொழும்பில் ஒரு முலாம் பட்டறைக்கு அவற்றை அனுப்பினேன். பத்து நாளில் வந்தன. கண் கூசும் பளபளப்பு. நான் கையால் துடைத்த நான்கும் அவற்றின் பக்கத்தில் ஏழை உறவினர் போல் இருந்தன.

ஆறையும் கடையில் ஒரே ஆணியில் தொங்கவிட்டேன். நான்குக்கு நான் கார் மெழுகு தேய்த்திருந்தேன். புதியவற்றுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். மாரி மழை தொடங்கி மூன்றாம் மாதம், பளபளத்த இரண்டிலும் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். தை மாதத்தில் ஓரத்தில் தோல் உரியத் தொடங்கியது. மற்ற நான்கும் வைத்தது வைத்தபடி.

நடந்தது என்ன என்று பிறகு விசாரித்து அறிந்தேன். முறையாகச் செய்வதென்றால் பழைய பூச்சை உரித்து, குழிகளை மட்டமாக்கி, செம்பு ஏற்றி, நிக்கல் கனமாக ஏற்றி, கடைசியில்தான் குரோமியம். காசும் நேரமும் தின்பது நிக்கல். அதைச் சுருக்கினால் முதல் நாள் யாருக்கும் தெரியாது. குரோமியத்தின் மினுக்கம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். எனக்கிருந்த பழைய நிக்கலையும் உரித்துவிட்டார்கள், புதியதையும் சரியாகப் போடவில்லை. ஆனால் எத்தனை மைக்ரோன் நிக்கல் என்று கேட்காமல் விலை மட்டும் கேட்டது நான்தான்.

முலாம் வேலை பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டியில் இருக்கும் குரோமியக் கரைசல் சாதாரண விஷமல்ல. அறுவலுக் குரோமியம் எனப்படும் அது நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. நீண்ட காலம் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூக்கின் நடுத்தண்டே ஓட்டையாகிவிடுவதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் விசேட அனுமதியின்றி அதைப் பயன்படுத்த முடியாது. நம் பிள்ளைகள் யாராவது பட்டறை போட எண்ணினால் கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு முதலில் பதில் வைத்துக்கொள்ளட்டும். கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தில் அது கிணற்றுக்குத்தான் போகும்.

சுவிஸ்காரர் வர ஆறு மாதம் இருந்தது. புள்ளிகளுக்கு மேல் வெள்ளிப் பெயிண்ட் ஒரு தடவை அடித்து, மேலே வார்னிஷ் பூசினால் விமானம் ஏறும் வரை தாங்கும் என்று கடைக்கு வந்த ஒருவர் வழி சொன்னார். பழைய சாமான் சந்தையில் இது தினமும் நடப்பதுதான். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்களின் சம்பவத்தை மிம்பரில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். வெள்ளிப் பெயிண்ட் என்பது மேலே பரப்பிய காய்ந்த தானியம்தான். மனம் ஊசலாடவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சூரிச்சுக்கு அழைப்பு எடுத்தேன்.

"அண்ணை, இரண்டு றிம் என்ரை கையாலை பழுதாப் போச்சு. நான் பட்டறைக்குக் குடுத்த பிழை. அதுக்குப் பதில் நான் தேடித் தாறன், அதுக்குக் காசு வேண்டாம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "மற்ற நாலும்?" என்றார். கறுப்புப் புள்ளி நிற்கிறது, ஆனால் அசல் என்றேன். "அப்ப சரி நானா. புள்ளி கிடக்கட்டும். அண்ணையின்ரை கையும் அதிலைதானே பட்டது."

இங்கிலாந்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் மூலம் அதே காலத்து றிம் இரண்டு தேடிப் பிடித்தேன். கூலியில் பாதிக்கு மேல் அதற்கும் தபால் செலவுக்கும் போனது. அவையும் கறளோடுதான் வந்தன. இந்தத் தடவை அலுமினியத் தாளை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

2017 ஓகஸ்டில் அவர் வந்து எடுத்துப் போனார். பொலித்தீனால் சுற்ற வேண்டாம், வியர்த்து மறுபடியும் கறள் பிடிக்கும், பருத்தித் துணியில் சுற்றுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். கணக்குப் பார்த்தால், எல்லாம் போக எனக்கு மிஞ்சியது அந்த ட்ரம் செற்றை அன்றே இரும்பு விலைக்கு எடுத்து விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை விட நான்கு மடங்கு. பெரிய தொகை அல்ல. ஆனால் அவர் சொல்லி அதே தீவிலிருந்து இரண்டு தையல் மெசினும், ஒரு பழைய ராலி சைக்கிளும், வேலணையிலிருந்து ஒரு கார் பம்பரும் வந்தன. இப்போது கடையின் பின்பக்கத்தில் இந்த வேலைக்கென்றே ஒரு மேசை இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பையன் தராசை விட அந்த மேசையில்தான் அதிக நேரம் நிற்கிறான்.

பழுதான றிம் இரண்டையும் நான் எறியவில்லை. தோல் உரியாத பக்கம் வெளியே தெரியும்படி கடை வாசலில் தொங்குகின்றன. பழைய சாமானோடு வருகிற பலரும் என் மேசையைப் பார்ப்பதற்கு முன் அவற்றைத்தான் பார்க்கிறார்கள். "நானா, எங்கடையையும் இப்படி மினுக்கித் தருவியளோ?" என்று கேட்கிறார்கள். நான் றிம்மைக் கழற்றி, மறுபக்கத்தைத் திருப்பி அவர்கள் கையில் கொடுக்கிறேன்.